நகராமல் நின்ற நிமிடம்

டயாலிசிஸ் கூடத்தில் காலை ஷிப்டு நோயாளிகளின் பட்டியலில் ஏழாவதாக இருந்த பெயரைப் படித்ததும் தலைமை நர்ஸ் விரலை அதன்மேல் வைத்து மறுபடியும் படித்தாள். பெயர் மட்டும்தான் என்றால் வேறு யாரோ என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். வயது, தகப்பன் பெயர், தொழில் என்ற இடத்தில் 'முன்னாள் லாரி ஓட்டுநர்' என்ற எழுத்து, எல்லாமே பொருந்தின. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நீதிமன்றத்தில் ஒருவர் இதே விவரங்களை உரக்க வாசித்தபோது அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

அப்போது அவள் மகனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. சாலையோரத்து மண்ணில் இருபது நிமிடம் கிடந்திருக்கிறான். யாரோ பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடியபோது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது இல்லை. மறுநாள் பிடிபட்ட லாரிக்காரன், ஏதோ கல்லில் ஏறி இறங்கின மாதிரி இருந்தது, பையன் என்று தெரியாது என்றான். நான்கு வருடம் தண்டனை கிடைத்தது.

தீர்ப்பு நாளன்று நீதிமன்ற வாசலில் நின்று அவள், "நான் அவரை மன்னிச்சுட்டேன். அந்தப் பலத்தைக் கர்த்தர் எனக்குக் கொடுத்தார்" என்று சொன்னாள். சபையே அவளைக் கட்டிக்கொண்டு அழுதது. அதற்குப் பிறகு யார் வீட்டில் சண்டை வந்தாலும், அண்ணன் தம்பி பேசாமல் போனாலும், "அந்த சிஸ்டரைப் பாருங்க" என்று அவளைத்தான் கைகாட்டினார்கள்.

அவள் கணவன் மட்டும் அன்றோடு சபைக்குப் போவதை நிறுத்திவிட்டான். இரும்புக் கதவுகள் செய்கிற வெல்டர். பேச்சும் அப்படித்தான், பொறி பறக்கும். "உன்னால முடிஞ்சா நீ மன்னிச்சுக்கோ. எனக்கு அவன் கழுத்தைத் திருகணும் போலத்தான் இருக்கு. இதை உள்ள வெச்சுக்கிட்டு அங்க வந்து எப்படி உக்கார்றது?" என்றான். அவனுக்காக அவள் தினமும் ஜெபம் பண்ணினாள். அந்த ஜெபத்தில் பரிதாபம் இருந்தது. தான் ஒரு படி மேலே நிற்கிற திருப்தியும் ஓரமாக இருந்தது. அதை அவள் கவனித்ததில்லை.

இப்போது அந்தப் பெயரை வேறு ஷிப்டுக்கு மாற்ற ஒரு போன் போதும். அவள் செய்யவில்லை. மன்னித்தவளுக்கு என்ன பயம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அது வீம்பு.

ஆள் பாதியாக இளைத்திருந்தான். கால்கள் வீங்கி, முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. தொப்பியும் முகக்கவசமும் போட்டிருந்தவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"வணக்கம் சிஸ்டர். மலைப்பாதையில லாரியை ரிவர்ஸ்லயே எடுத்திருக்கேன், பயந்ததில்லை. இந்த ஊசியைப் பார்த்தா மட்டும் வயித்தைக் கலக்குது" என்றான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு டீச்சர் சிரித்தார். ஓய்வு பெற்று பன்னிரண்டு வருடம் ஆகியும் குரலில் வகுப்பறை போகாத பெண்மணி. "பயப்படாதீங்க. இவங்க கை பட்டா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். பதினோரு மாசமா நான் கடி வாங்குறேன்" என்றார்.

அவள் அவன் கையைப் பிடித்து நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியை இறக்கினாள். ஒரு ஊசி உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து இயந்திரத்துக்குக் கொண்டுபோகும். இன்னொன்று சுத்தமான ரத்தத்தை உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கும். வாரத்தில் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் ஒரு மனிதனின் உயிர் அவன் உடம்புக்கு வெளியே, இரண்டு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. மற்றவர்களுக்கு இரண்டு தடவை ரத்த அழுத்தம் பார்த்தால் அவனுக்கு மூன்று தடவை பார்த்தாள். அவனோ வாய் ஓயாதவன். வழியில் கண்ட ஊர்களைப் பற்றி, டயர் வெடித்த கதைகளைப் பற்றி, கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். அவனை வெறுப்பதற்கு ஒரு முகாந்திரம்கூடக் கொடுக்காமல் பேசினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பொண்ணு பரீட்சை முடிக்கிற வரைக்கும் என்னை எப்படியாவது ஓட்டிக் கொடுத்துடுங்க சிஸ்டர்" என்றான் ஒருநாள்.

அவள் ஊசியின் மேல் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினாள். என் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பரீட்சை இருந்தது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

வாரக் கடைசியில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தால் முதலில் அவனுடையதைத்தான் எடுத்துப் பார்த்தாள். என்ன எதிர்பார்த்து எடுக்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. எண்கள் நன்றாக இருந்தால் தாளைச் சட்டென்று மூடிவிடுவாள்.

அந்த வியாழக்கிழமை காலை பத்தேமுக்கால் இருக்கும். கூடத்தில் பன்னிரண்டு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. இன்னொரு நர்ஸ் மருந்து எடுக்கக் கீழே போயிருந்தாள். லாரிக்காரன் குளிருகிறது என்று போர்வையைத் தோள்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போயிருந்தான். ஊசி போட்ட கையை மூடக்கூடாது என்பது விதி. அதை விலக்கத்தான் அவள் நடந்தாள். நான்கு அடி தூரத்தில் நின்றுவிட்டாள்.

போர்வையின் ஓரம் கருஞ்சிவப்பாக நனைந்திருந்தது. நாற்காலியின் அடியில் ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு. தூக்கத்தில் புரண்டதில் ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஊசி கழன்றிருக்கிறது. இயந்திரத்துக்கு அது தெரியவில்லை. அலாரம் அடிக்கவில்லை. அது பாட்டுக்கு அவன் ரத்தத்தை எடுத்து, சுத்தம் செய்து, போர்வைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

பம்பை நிறுத்த ஒரு பொத்தான். குழாயை அடைக்க ஒரு கிளிப். மூன்று விநாடி வேலை. பதினான்கு வருட அனுபவம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாகச் செய்யும்.

கை எழவில்லை.

இயந்திரத்தின் திரையில் சிகிச்சை முடிய மீதி நேரம் தெரிந்தது. ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம். அவள் அதையே பார்த்தாள். நாற்பத்தெட்டு நாற்பத்தேழாக மாறியது. ரத்தம் இப்போது சொட்டாக விழவில்லை, நூலாக ஒழுகியது. மூளை தெளிவாக வேலை செய்தது. நிமிடத்துக்கு முந்நூறு மில்லி. இவன் உடம்பு இதைத் தாங்காது. இன்னும் இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். போர்வையை அவனேதான் இழுத்து மூடிக்கொண்டான். மண்ணில் இருபது நிமிடம் என்று ஒரு குரல் அவளுக்குள் சொன்னது. அது வேறு யாருடைய குரலும் இல்லை, அவளுடையதேதான். நாற்பத்தேழு நாற்பத்தாறாக மாறியது.

"சிஸ்டர்! என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? கீழ பாருங்க, ரத்தம்!"

கணக்கு டீச்சரின் குரல் கூடத்தையே உலுக்கியது. அதற்கப்புறம்தான் அவள் பாய்ந்தாள். பம்பை நிறுத்தினாள், குழாயை அடைத்தாள், போர்வையை உதறி ஊசி இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள், நாற்காலியைச் சாய்த்துக் கால்களைத் தூக்கினாள், டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள். அவன் உதடு வெளுத்து, கண்கள் பாதி திறந்து, வெள்ளை மட்டும் தெரிந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, பன்னிரண்டரை மணிக்குத்தான் நாடி ஒழுங்குக்கு வந்தது.

பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் அவள் தோளைத் தட்டினார். "நீங்க இல்லேன்னா ஆள் போயிருப்பார்."

விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த லாரிக்காரனின் மனைவி, முகக்கவசத்தைக் கழற்றி முகம் கழுவிக்கொண்டிருந்தவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நீதிமன்றத்தில் எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள். இந்த முகத்தை மறக்க முடியுமா?

"நீங்களா? அந்தப் பிள்ளையோட அம்மாவா?" என்று கேட்டு, ரத்தக்கறை போகாத அந்தக் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "இவருக்கா? இவருக்குப் போய் உயிரைக் கொடுத்தீங்க?"

அவள் கையை உருவிக்கொண்டு போய், கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் செய்தி சபைக்குப் போய்விட்டது. சனிக்கிழமை காலை அவள் போனில் அவள் படமே வந்து விழுந்தது. 'மகனைக் கொன்றவருக்கு உயிர் கொடுத்த தாய். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்கிறார்' என்று பூப்போட்ட எழுத்தில் போட்டிருந்தது.

அவள் கணவன் அதைப் படித்துவிட்டுப் போனை மேசைமேல் வைத்தான். "அவன் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல, இல்ல?"

"சொன்னா நீங்க அங்க வந்து ஏதாவது பண்ணிடுவீங்கன்னு..."

"பண்ணியிருப்பேன்தான்."

"நான் பண்ணிட்டேங்க" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு, நாற்பத்தாறு. ஒன்றையும் விடாமல் சொன்னாள். "டீச்சர் கத்தியிருக்காட்டா நான் நகர்ந்திருக்கமாட்டேன். எனக்கு நல்லாத் தெரியும்."

வெல்டர் சந்தோஷப்படுவான் என்றுகூட அவள் நினைத்திருந்தாள். அவன் முகத்தில் அது இல்லை. "அன்னிக்கு மன்னிச்சுட்டேன்னு சொன்னியே, அப்ப உன்னைப் பார்க்கவே எனக்குப் பயமா இருந்துச்சு. இவ மனுஷிதானான்னு நினைச்சேன்" என்றான். பிறகு மெதுவாக, "இன்னிக்கு வேற மாதிரி பயமா இருக்கு" என்று சொல்லி அவள் தலையில் கையை வைத்தான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வைத்த கை.

மத்தியானம் அவள் போதகர் வீட்டுக்குப் போனாள். எளிய மனிதர், முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். யாரையும் இடம் பார்த்து உட்காரவைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. "இங்க உக்காருங்க, காத்து வரும்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

"அதிர்ச்சியில கை கால் ஓடாம போறது உண்டும்மா. அதை நீங்க பெரிசா..."

"அதிர்ச்சி இல்லை ஐயா. நான் மணியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

போதகர் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினார். "படம் எல்லாருக்கும் போயிடுச்சே. அடுத்த சபைக்காரங்களும் வர்றாங்க. முழுசும் சொல்லணும்னு இல்லை. கடைசியில காப்பாத்தினீங்கதானே, அது பொய்யில்லையே..." என்று இழுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடினார். "என்ன பேசுறேன் பாருங்க. நீங்க கொலையைச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க, நான் கூட்டத்தைப் பத்திக் கவலைப்படுறேன்."

"நாளைக்குத் திருவிருந்து. அப்பத்தை நான் எடுக்கமாட்டேன்" என்றாள் அவள். "ஒன்பது வருஷம் எடுத்தேன் ஐயா. ஒவ்வொரு தடவையும், நான் சுத்தமா இருக்கேன்னு நினைச்சுத்தான் எடுத்தேன்."

"இப்ப என்ன நினைக்கிறீங்க?"

"அவனும் நானும் ஒண்ணுன்னு நினைக்கிறேன். இல்லை, நான்தான் மோசம். அவன் தெரியாம பண்ணினான்."

போதகர் சமாதானம் சொல்லவில்லை. "ஆண்டவர் உங்களைத் தள்ளமாட்டார். அதை நான் உறுதியாச் சொல்லமுடியும். ஆனா என்கிட்ட சொன்னதோட இது முடியாது. ஆஸ்பத்திரியில சொல்லணும். அந்த மனுஷன்கிட்ட சொல்லணும். வேலை போகலாம், போலீஸ்கூட வரலாம். மன்னிப்பு இருக்குன்னா இதெல்லாம் இல்லேன்னு ஆகாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, சாட்சி இல்லை என்று போதகரே அறிவித்தார். தன் அவசரத்தால் வந்த பிழை என்றார், காரணம் சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளிடம் அப்பத்தட்டு வந்தபோது, பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டாள். நூறு பேர் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் இரண்டு பேர்தான் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை நடந்ததை எல்லாம் எழுதிப் பெரிய டாக்டரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். "இதைத் திரும்ப வாங்கிக்கிறீங்களா? நான் பார்க்காத மாதிரி இருந்துடறேன்" என்றார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அப்ப இந்த நிமிஷத்திலிருந்து நீங்க எந்த நோயாளியையும் தொடக்கூடாது."

"தொடமாட்டேன் டாக்டர். அவர்கிட்ட நானே சொல்ல மட்டும் விடுங்க. நீங்களும் கூட இருங்க."

வார்டில் லாரிக்காரன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் யார் என்பதை மனைவி சொல்லிவிட்டிருந்தாள். கட்டில் பக்கத்தில் அவள் நின்றதும் கும்பிடப் போனான்.

"கும்பிடாதீங்க" என்றாள். "நான் சொல்றதைக் கேளுங்க முதல்ல."

சொன்னாள். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. அவன் மனைவி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கத்தத் தொடங்கினாள். "கொல்லப் பார்த்தியா? பக்கத்திலயே நின்னு பார்த்தியா? உன் கையைப் பிடிச்சுக் கண்ணுல வெச்சேனேடி!" டாக்டர் அவளைத் தடுத்தார். அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்பதால் நர்ஸ் குனிந்த தலை நிமிராமல் நின்றாள். கட்டிலிலிருந்தும் அப்படி ஏதாவது வரும் என்று காத்திருந்தாள்.

"சும்மா இரு" என்று அவன் மனைவியை அடக்கினான். பிறகு நர்ஸிடம் திரும்பினான். "எவ்வளவு நேரம்னு சொன்னீங்க?"

"ஒண்ணரை நிமிஷம். கூடவும் இருக்கலாம்."

"நானும் நின்னேன் சிஸ்டர்."

அவள் நிமிர்ந்தாள்.

"கல்லுன்னு சொன்னேனே கோர்ட்டுல. கல்லு இல்லை. பிரேக் போட்டேன். வண்டி நின்னுச்சு. கண்ணாடியில பார்த்தேன். சைக்கிள் கிடந்துச்சு, சட்டை தெரிஞ்சுது." அவனுக்கு மூச்சு வாங்கியது. "கை அசைஞ்சுது. பிள்ளை கை அசைஞ்சுது சிஸ்டர். ரோட்டுல ஒருத்தரும் இல்லை. நான் கியரைப் போட்டேன்."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் இது புதிது.

"இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லலை. நீங்க வந்து உங்க குத்தத்தைச் சொல்லும்போது என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை."

மன்னிப்புக் கேட்கத்தான் தலைமை நர்ஸ் வந்திருந்தாள். அரை நிமிடத்துக்கு முன்னால்வரை அந்த மனிதன் முன்னால் புழுவாக நின்றாள். இப்போது கொலைவெறி கிளம்பியது, வியாழக்கிழமை இருந்ததைவிடப் பத்து மடங்காக. கை அசைந்தது. தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருப்பான். பதினேழு வயதாகியிருக்கும். கட்டிலுக்கும் அவளுக்கும் இடையில் இரண்டு அடிதான். அவன் கழுத்தில் நரம்பு துடிப்பதுகூடத் தெரிந்தது. டாக்டர் சட்டென்று நடுவில் வந்து நின்றார். அவள் முகத்தில் எதைப் பார்த்தாரோ.

அவள் திரும்பி வெளியே நடந்தாள். துணிகள் அடுக்கிவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு விரிப்பை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு கத்தினாள். கத்தி முடித்ததும் வெறுமையாக இருந்தது. மண்டியிட்டாள். பழகின ஜெபங்கள் எதுவும் வரவில்லை. 'பலம் கொடுத்தீரே' என்று இனிச் சொல்ல முடியாது, அப்படி ஒரு பலம் அவளிடம் என்றைக்குமே இருந்ததில்லை. உள்ளே எங்கே கையை விட்டாலும் கொலைதான் தட்டுப்பட்டது.

"என்கிட்ட இல்லை ஆண்டவரே" என்றாள். "மன்னிக்கிறதுக்கு எனக்குள்ள ஒண்ணுமே இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. நீர் பார்த்துக்கொள்ளும். என்னையும் பார்த்துக்கொள்ளும். அவனை... அவனை என்ன பண்ணணும்னு எனக்குச் சொல்லத் தெரியலை."

வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. மனம் லேசாகவும் இல்லை. ஆனால் ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஜெபத்தில் உண்மையைப் பேசியிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து, நனைந்த விரிப்பைத் துவைக்கப் போடுகிற கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணைக் குழு இரண்டு தடவை கூப்பிட்டது. கணக்கு டீச்சரும் வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வெளியே வந்ததும், "எனக்கு ஊசி போட இப்ப ஒரு புதுப் பொண்ணு வர்றா. எறும்பு இல்லை, தேள்" என்று சொல்லிவிட்டு அழுதார். வீட்டில் வெல்டர் நடந்ததையெல்லாம் கேட்டான். கண்ணாடியில் பார்த்த விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த தட்டைச் சுவரில் எறிந்தான். பிறகு அவனே பெருக்கி அள்ளினான். சபையில் அவள் தொடர்ந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சிலர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். போதகர் மட்டும் ஒவ்வொரு வாரமும் அவள் பக்கத்தில் வந்து, "உக்காந்திருக்கீங்களா, சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. லாரிக்காரனின் மனைவி.

"உங்களைக் கூப்பிடக்கூடாதுதான். வேற வழி தெரியலை. மூணு தடவையா டயாலிசிஸுக்குப் போகமாட்டேன்னுட்டாரு. எழுந்திருக்கவே மாட்டேங்கிறாரு. பொண்ணு காலைப் பிடிச்சு அழுதும் கேக்கலை. அந்தப் பிள்ளை கையை அசைச்சான், அசைச்சான்னு அதையே சொல்றாரு. நீங்க சொன்னா கேப்பாரோ என்னவோ."

அவள் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்று தடவை. ஒரு வாரமாக உப்பும் தண்ணீரும் உடம்பில் ஏறியிருக்கும். பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு எந்த நேரமும் நின்றுவிடும். அவள் எதுவும் செய்யவேண்டியதில்லை. இந்தத் தடவை பக்கத்தில் போய் நிற்கக்கூடத் தேவையில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் போதும்.

உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து செருப்பை மாட்டினாள். பட்டறைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் வெல்டிங் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. "போ" என்றான் அவன். அப்புறம், "நான் வரலை. என்னால முடியாது. நீ போ" என்றான்.

மாடியில் இரண்டு சின்ன அறைகள் கொண்ட வீடு அது. ஜன்னலை அடைத்துப் போட்டிருந்தார்கள். லாரிக்காரர் கட்டிலில் இரண்டு தலையணை அணைப்பில் சாய்ந்திருந்தார். முகம் ஊதி, கண் இடுங்கி, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினார்.

அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். தாறுமாறாக ஓடியது. "கிளம்புங்க. கார் கீழ நிக்குது" என்றாள்.

"வேண்டாம் சிஸ்டர். இது நியாயமான சாவு."

"நியாயம்தான். நான் இல்லேன்னு சொல்லலை."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்லமாட்டேன். ஒரு தடவை சொல்லி ஊரை ஏமாத்தியாச்சு. இன்னிக்கும் உங்க முகத்தைப் பார்த்தா எனக்கு எரியுது. நியாயம்னு பார்த்தா உங்களுக்கும் சாவு, எனக்கும் சாவு. அன்னிக்கு உங்க உயிரை நான் என் கையில எடுக்கப் பார்த்தேன். அது என்னுது இல்லை. உங்களுதும் இல்லை. கொடுத்தவர் கேக்கும்போது கொடுத்துக்கலாம். எழுந்திருங்க."

"எனக்கு எந்த மூஞ்சி இருக்கு சிஸ்டர், அவர்கிட்ட போய் நிக்க? உங்க ஆண்டவர் நல்லவங்களுக்குத்தானே?"

"நல்லவங்க யாரும் எனக்குக் கண்ணுல படலை. நானே கடைசி வரிசையிலதான் உக்காந்திருக்கேன்." கட்டிலடியில் கிடந்த செருப்பை அவர் காலருகே தள்ளினாள். "எனக்கு இரக்கம் வேணும்னு தினமும் கேக்குறேன். கேக்கும்போது உங்களை மட்டும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்தப் பார்க்கிறேன், சாத்த முடியலை. எனக்குக் கிடைச்சா உங்களுக்கும் கிடைக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பேச நேரமில்லை."

அவர் அழுதார். அழக்கூட மூச்சு போதவில்லை. அவள் அவர் அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கினாள், மறுபக்கம் மகள் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறக்கினார்கள். நடுவில் ஒரு தடவை அவர் முழு எடையும் அவள் மேல் சாய்ந்தது. அவள் சுவரில் முதுகை முட்டுக்கொடுத்துத் தாங்கினாள்.

காரில் அவர் தலை அவள் தோளில் கிடந்தது. நகங்கள் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன. அவள் டயாலிசிஸ் கூடத்துக்குப் போன் போட்டு, நாற்காலி ஒன்றைக் காலி செய்து வைக்கச் சொன்னாள், டாக்டரைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னாள், டிரைவரைச் சந்து வழியாகப் போகச் சொன்னாள். "வேகமா, வேகமா" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு திருப்பத்தில் தன் குரலையே கேட்டுத் திடுக்கிட்டாள். இந்த மனிதன் பிழைக்கவேண்டும் என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த ஆசை அவளுக்குள்தான் இருந்தது, ஆனால் அன்று துணி அறையில் அவள் தேடித் துழாவியபோது அங்கே இல்லாதது அது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அழுகை வந்தது. அழ நேரமில்லாமல் அவர் நாடியை எண்ணினாள்.

கூடத்து வாசலில் அவரை ஒப்படைத்தாள். அவள் உள்ளே போகக்கூடாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அவர் மனைவிக்கும் மகளுக்கும் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாலரை மணிக்குப் பெரிய டாக்டர் எட்டிப்பார்த்து, "தப்பிச்சுட்டார்" என்றார்.

விசாரணை முடிந்து ஒரு வருடம் அவள் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். லாரிக்காரர் போலீஸில் புகார் கொடுக்கவில்லை. பிறகு அவள் வேறொரு ஆஸ்பத்திரியில் சாதாரண நர்ஸாகச் சேர்ந்தாள். லாரிக்காரர் இன்னும் மூன்று வருடம் இருந்தார், மகள் வேலைக்குப் போனதையும் பார்த்தார். வெல்டர் அவரை ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தான். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. திரும்பி வந்தவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அந்தப் புதன்கிழமைக்கு அடுத்து வந்த திருவிருந்தில் அப்பத்தட்டு கடைசி வரிசைக்கு வந்தது. போதகரே கொண்டுவந்தார். அவள் கை நீட்டினாள். விரல்கள் நடுங்கியதில் துண்டு கீழே விழப்பார்த்தது. போதகர் மறு கையை அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.